சார் சிலைக்கு நாற்பத்து மூன்று முதலாளிகள்

1990இல் பத்தாம் வகுப்பு முடித்த என் தோழர்களுக்கும் தோழிகளுக்கும்,

கணக்கு கேட்டிருக்கிறீர்கள். "முன்பணம் கொடுத்து ஆறு மாசம் ஆச்சு, ஒரு மரப்பொம்மைக்கு இவ்வளவு நாளா?" என்று ஒருவர் கேட்க, பதினோரு பேர் அதற்குக் கட்டைவிரல் தூக்கியிருக்கிறீர்கள். பேங்கில் வேலை பார்க்கிறவள் என்று பணத்தை என் கையில் கொடுத்தீர்கள். பணம் வைத்திருப்பவளே ஆசாரியிடமும் பேசட்டும் என்று அதையும் என் தலையில் கட்டினீர்கள். பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

நாலு வரியில் சொல்லி முடித்திருப்பேன். ஆனால் 1994 பேட்ச்காரர்கள் தங்கள் தமிழாசிரியருக்கு மரச்சிலை செய்யப்போகிறார்களாம். யாரிடம் கொடுக்கலாம், அடிக்கு எவ்வளவு ஆகும் என்று என்னிடம் விசாரிக்கிறார்கள். நாம் பட்டதை அவர்களும் பட வேண்டாமே என்றுதான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் கரையேறியது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்புகள் சீப்பால் வாரிவிட்டதுபோல ஒரே பக்கமாகப் படுத்துக்கிடந்தன. நம் பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரமும் அன்று விழுந்ததுதான். கிளையெல்லாம் விறகுக்குப் போனது. அடிமரத்தை இழுக்க ஆளில்லாமல் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் ஆறு வருஷத்துக்கு மேல் கிடந்தது. சித்திரையில் நாம் கூடியபோது அதன் மேல் உட்கார்ந்துதான் பேசினோம். "இந்தக் கட்டையிலேயே ஹெட்மாஸ்டர் சாரைச் செதுக்கினா என்ன?" என்று முதலில் சொன்னது யார் என்பதில் இன்று நாலு பேருக்குள் வழக்கு. யோசனை நல்ல யோசனைதான். அதற்கப்புறம் நாம் செய்ததில்தான் கோளாறு. 'நாம்' என்பதில் நானும் சேர்த்தி.

அரும்பாவூருக்குப் போனது என் முடிவு. எங்கள் ஊர்க் கோயிலுக்குக் குதிரை வாகனம் செய்தபோது அப்பாவுடன் போய்வந்த பழக்கம். பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிற ஊர். பக்கத்தில் சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியிலும் இந்த வேலை உண்டு. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கள்ளக்குறிச்சிக்கு அடுத்த வருஷம். ஒரே கட்டையிலிருந்து உருவத்தைக் குடைந்தெடுப்பது அரும்பாவூர்க்காரர்களின் பெருமை. நம் தூங்குமூஞ்சியை அங்கே தூங்குவாகை என்பார்கள். வாகையும் மாவும் வேம்பும் அவர்கள் தினமும் உளி வைக்கிற மரங்கள். அதனால் "இது ஒரு மரமா, தேக்கு வாங்கிக் கொடுத்திருக்கலாமே" என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். ஈட்டியில் தனக்கு ஒரு சின்னப் பிரதி வேண்டும் என்று கேட்ட சிங்கப்பூர் நண்பருக்கும் ஒரு வார்த்தை: ஈட்டி மரம் 2017 முதல், நாடு விட்டு நாடு போகும் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது. காகிதம் வேண்டுமா என்று விசாரிக்காமல் சூட்கேஸில் வைத்துக்கொண்டு விமானம் ஏற நினைக்காதே.

ஆசாரி பஸ் ஏறி வந்து கட்டையைப் பார்த்தார். வாச்சியின் பின்பக்கத்தால் நாலு இடத்தில் தட்டினார், ஓரத்தைச் சுரண்டினார். "வெள்ளையெல்லாம் உளுத்துப்போச்சும்மா. வைரம் கெடலை" என்றார். மரத்தின் வெளிச்சுற்றில் வெளிறிய பாகம் வெள்ளை. அதில் மாவுச்சத்து இருக்கும், பூச்சிக்கு அதுதான் சோறு. உள்ளே பழுப்பேறி இறுகிய பாகம் வைரம். மூன்றடி அகலம் என்று நாம் பெருமைப்பட்ட கட்டையில் வெள்ளை போக மிஞ்சியது இரண்டடிக்கும் குறைவு. இரண்டு முனையிலும் வெடிப்பு ஓடியிருந்ததால் அறுத்துத் தள்ளியது போக நீளம் நாலடிச் சொச்சம். "ஆளுயரச் சிலை" என்று நீங்கள் நோட்டீஸ் அடித்த அன்றே நமக்கு ஆளுயர மரம் இல்லை. நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் மரத்தை அளந்திருக்கலாம்.

வெடிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதில்தான் பாதிப் புகார். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் போக்கில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு உருளையாக ஒரு கட்டை காய்ந்தால் எங்காவது பிளந்தே தீரும். அது ஆசாரியின் குற்றமில்லை. தூங்குவாகை மற்ற மரங்களைவிடக் குறைவாகச் சுருங்கும் சாதி என்பதால் நாம் கொஞ்சம் தப்பித்தோம். அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது மரவேலைக்காரர்கள் வாயில் புழங்கும் கணக்கு. அந்தக் கணக்குப்படி நம் கட்டை நடுமையம் வரை காய இன்னும் வருஷங்கள் ஆகும். அதனால் அவர் முனைகளில் மெழுகு பூசினார், பட்டறையில் நிழலில் நிறுத்தினார், முதுகுப் பக்கம் குடைந்துவிடலாம் என்றார். உள்ளே வெற்றிடம் இருந்தால் சுருங்குகிற மரத்துக்கு நகர இடம் கிடைக்கும். சிலையைச் சுவரை ஒட்டி வைக்கப்போவதால் முதுகு யார் கண்ணிலும் படாது. இதைக் குழுவில் சொன்னபோது "உள்ளே கூடா? முழுக் கட்டைக்குத்தானே காசு?" என்று கேட்டவர் இப்போது இதைப் படித்துக்கொண்டிருப்பார்.

அடுத்த ரகளை, என்ன செய்வது என்பது. முதலில் ஹெட்மாஸ்டர் சார். இரண்டாம் வாரம் சரஸ்வதி. அதிராம்பட்டினத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து நம்மோடு படித்த முஸ்லிம் நண்பர்களை நினைத்துப் பாருங்கள் என்று நான் சொன்னதும் மூன்றாம் வாரம் மறுபடி சார். நாலாம் வாரம் சார் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அப்புறம் நின்றுகொண்டு, வலதுகையைத் தூக்கிப் பிரம்போடு. ஒவ்வொன்றையும் நான் ஆசாரிக்கு அனுப்பினேன். படங்கள் மட்டும் நாற்பதுக்கு மேல் போயிருக்கின்றன. ஒருவர் தேசத் தலைவர் சிலையின் படத்தை அனுப்பி "இந்தக் கம்பீரம்" என்று எழுதியிருந்தார். அதையும் தடுக்காமல் அனுப்பிவைத்தேன். அதிலிருந்து ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ ஆசாரி போன் செய்தார். "அம்மா, எனக்கு வேலை கொடுத்தவங்க யாரு?" என்றார். கோபம் இல்லாத குரல். நான் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

தூக்கிய கை ஏன் ஆகாது என்று அவர் சொன்னதை உங்களிடம் சரியாகச் சொன்னேனா தெரியவில்லை. மரத்துக்கு நார் ஓட்டம் உண்டு, மேலிருந்து கீழ் நோக்கி. அந்தப் போக்கில் ஓடுகிற கால், வேட்டி மடிப்பு, தொங்கும் கை எல்லாம் பலமாக நிற்கும். கையை அகல நீட்டினால் நார் குறுக்கே அறுபட்டுப்போகும். பிஸ்கட்டைப்போல ஒடியும். வாகனங்களுக்குக் கையைத் தனியாகச் செய்து ஆப்பு அடித்துச் சேர்ப்பார்கள், இங்கேயும் செய்யலாம். ஆனால் பள்ளிக்கூட வராந்தாவில் நிற்கப்போகிற சிலை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் என்றைக்காவது அந்தக் கையில் தொங்குவான். நாமே தொங்கியிருப்போம்.

குடை அவர் கொடுத்த யோசனை. "உங்க சார் கையில வழக்கமா என்ன இருக்கும்?" என்று கேட்டார். பிரம்பு என்றேன். "பள்ளிக்கூடத்துக்கு வெளியில?" என்றார். மடக்கிய கறுப்புக் குடை, வெயிலானாலும் மழையானாலும். கொக்கி முழங்கையில் மாட்டியிருக்கும், முனை கணுக்காலைத் தொட்டுக்கொண்டிருக்கும். "அது நாரோட போகும்" என்றார். முப்பத்தைந்து வருஷமாகச் சாரைப் பிரம்போடு மட்டுமே நினைத்துவந்த நமக்கு, அவரை ஒரு நாளும் பார்க்காத மனிதர் குடையை எடுத்துக்கொடுத்தார்.

களிமண் மாதிரியைப் பற்றிய சண்டையில் எனக்குச் சிரிப்புத்தான் மிச்சம். ஒன்றரை அடி உயரத்தில் மண்ணில் பிடித்துக் காட்டினார். படம் வந்ததும் நீங்கள் கொந்தளித்தீர்கள், நியாயமும் இருந்தது. அகன்ற மார்பு, சிறுத்த இடை, மீன் மாதிரி கண், தோளைத் தொடப்போகிற காது. நம் சார் தொப்பையோடு இருந்தவர், கண்ணாடிக்குள் கண் இருக்கிறதா என்றே தெரியாது. ஆனால் அந்தக் கை எங்கே பழகியது என்று பாருங்கள். அவர் படித்த படிப்புக்குத் தாலமானம் என்று பெயர். தாலம் என்பது முகத்தின் நீளம், 12 அங்குலம். ஸ்கேலில் இருக்கிற அங்குலம் இல்லை, அந்தச் சிலைக்கென்று பிரித்துக்கொள்கிற அங்குலம். நவதாலத்துக்கு 108, தசதாலத்தில் மத்திமத்துக்கு 120, உத்தமத்துக்கு 124. பிள்ளையாருக்கு ஐந்து தாலம்தான், அதனால்தான் அந்தக் குட்டை அழகு. இந்தக் கணக்கில் வளர்ந்த கை, கண்ணை மூடிக்கொண்டே பெருமாளைச் செய்யும். "சாமி முகத்துக்குக் கணக்கு இருக்கும்மா. மனுசன் முகத்துக்குக் கணக்கு கிடையாது, பார்த்தவங்க சொல்லணும்" என்றார். நாம் சொன்னோம், நாற்பத்து மூன்று விதமாக. மூக்கு பெரிசு என்றது ஒரு கூட்டம், இல்லை என்றது இன்னொன்று. சாரிடம் அடி வாங்கியவர்களும் பரிசு வாங்கியவர்களும் பார்த்த முகம் ஒன்றாக இருக்குமா என்ன?

கடைசியில் சாரின் மகள் கொடுத்த மூன்று படங்களை மட்டும் வைத்துக்கொண்டார்: நேர்முகம், பக்கவாட்டு, கல்யாண வீட்டுப் பந்தியில் குனிந்து சாப்பிடும்போது எடுத்தது. மற்றதையெல்லாம் போனிலிருந்து அழித்துவிட்டதாகச் சொன்னார். இரண்டாவது மண் மாதிரியில் தொப்பை வந்துவிட்டது. சாரின் மகள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சமையல்கட்டுக்குள் போய்விட்டார். எனக்கு அந்தச் சம்மதம் போதும் என்று தோன்றியது.

1994 பேட்ச் கவனிக்க: மாற்றம் சொல்ல வேண்டிய இடம் அந்த மண்தான். மண்ணில் மூக்கைப் பிடுங்கி மறுபடி ஒட்டலாம். மரத்தில் எடுத்த செதில் திரும்பி வராது. நாம் மண்ணிருக்கும்போது சாப்பாட்டு மெனுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, உளி இறங்கிய பிறகு "தோளை இன்னும் கொஞ்சம் அகலமாக்க முடியுமா" என்று கேட்டோம்.

கோயம்புத்தூரில் சிஎன்சி மெஷினில் இரண்டு நாளில் கடைந்து தருகிறார்களாம், பாதி விலையாம். தருவார்கள். மெஷினைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, ஆசாரியும் முதல் கட்டத்துக்குப் பவர் ரம்பம்தான் வைத்தார். ஆனால் மெஷினுக்கு முன்கூட்டியே முழுசாக முடிந்த ஒரு வடிவத்தைக் கொடுக்க வேண்டும். நம்மிடம் என்ன இருந்தது? நாற்பது படமும் ஒரு தகராறும். அதோடு, ஆறு வருஷம் மண்ணில் கிடந்த கட்டைக்குள் எந்த இடத்தில் பொக்கை, எந்த இடத்தில் நார் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது என்பதை அறுத்துக்கொண்டே கண்டுபிடித்து, வடிவத்தை இரண்டு விரல் இந்தப் பக்கம் தள்ளுகிற வேலையை அது செய்யாது. அதற்குத்தான் கையில் உளியும் கொட்டாப்புளியும் வைத்திருக்கிற ஆள். பணத்தை மூன்று தவணையாகப் பேசினோம்: கட்டை பட்டறைக்கு வந்ததும் ஒன்று, உருவம் திரண்டதும் ஒன்று, இங்கே கொண்டுவந்து நிறுத்தியதும் கடைசி. இரண்டாவது தவணை பத்து நாள் தாமதம், காரணம் நம் பக்கம்தான். வசூல் பட்டியலைப் போடவில்லை, போட்டால் சிலர் மனம் நோகும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் உங்கள் தீர்மானத்துக்குக் கட்டுப்படப்போவதில்லை.

பீடத்தில் நாற்பத்து மூன்று பெயரையும் பொறிக்க வேண்டும், ஆசாரி பெயர் வேண்டாம் என்று கைதூக்கி முடிவு செய்திருக்கிறீர்கள். நான் அன்று வரவில்லை. அவர் பெயரும் ஊரும் வருஷமும் சிலையின் அடியிலேயே, அதே மரத்தில், அவர் கையாலேயே இருக்கும். நம் பெயர்களுக்குத் தனியாக ஒரு கல் பலகை அடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, சிலையை ஸ்கேன் செய்து ரெசினில் நாற்பத்து மூன்று குட்டி சார்கள் வார்த்து ஆளுக்கொன்று கொடுப்பது. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் காசு கொடுத்ததால் கட்டை நம்முடையது, வடிவம் நம்முடையதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வரையச் சொன்ன ஓவியத்துக்கும் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. அந்த வரிசையில் சிற்பம் இல்லை. சம்பள ஆளாக இல்லாமல் தனியாக வேலை எடுத்துச் செய்கிற சிற்பிக்கே அந்த உரிமை. பிரதி வேண்டுமானால் அவரிடம் கேட்க வேண்டும், அதற்குத் தனியாகப் பேச வேண்டும்.

உரிமை விற்றுப்போனாலும் சிற்பியிடம் மிஞ்சுகிற ஒன்றும் உண்டு. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகப் பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பம் ஒன்றைச் செய்தார். மத்திய அரசு கேட்டுச் செய்தது. 1979இல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று அவரைக் கேட்காமலே அதைக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், சேதமானது. வழக்கு நடந்து 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிஞ்சிய துண்டுகளை அவரிடமே திருப்பிக் கொடுங்கள், 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடும் கொடுங்கள் என்று அரசுக்கு உத்தரவு போட்டது. அந்தச் சிற்பமும் காசு கொடுத்துச் செய்யச் சொன்னதுதான். இதை நான் ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், "தங்கக் கலர் பெயின்ட் அடிச்சா ஜம்முன்னு இருக்கும்" என்று எழுதிய நண்பர், திறப்பு விழாவுக்கு முதல்நாள் இரவு டப்பாவோடு வந்து நிற்கக்கூடிய ஆள்.

பெயின்ட் கிடையாது. ஆளிவிதை எண்ணெய், மேலே தேன்மெழுகு. வருஷத்துக்கு ஒருமுறை பழைய வேட்டித் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

எங்கே வைப்பது என்பது இன்னும் முடியவில்லை. கொடிமரத்துக்குப் பக்கத்தில் திறந்தவெளி என்கிறது ஒரு பிரிவு, ஏசி போட்ட கம்ப்யூட்டர் அறை என்கிறது இன்னொன்று. இரண்டும் வேண்டாம். மரம் தண்ணீரால் கெடுவதைவிட, நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்துதான் அதிகம் கெடுகிறது. காஞ்சிபுரத்து அத்தி வரதரை நினைத்துக்கொள்ளுங்கள். 1979க்குப் பிறகு 2019இல் எடுத்தார்கள், 48 நாள் தரிசனம், பிறகு மறுபடி அனந்தசரஸ் குளத்துக்குள். நாற்பது வருஷம் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் அத்திமரம் அது. முழுக்க முழுகிய மரத்தைப் பூஞ்சை அரிக்கக் காற்று கிடைக்காது. கொடிமரத்தடியில் ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும் மாறிமாறி அடிக்கும், பத்து வருஷம் தாங்காது. ஏசி அறை ஈரத்தை உறிஞ்சி வெடிக்கவைக்கும், அதுவும் இரவில் அணைத்துக் காலையில் போடுகிற ஏசி. வடக்கு வராந்தாவில், ஹெட்மாஸ்டர் அறைக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவில், சாரல் எட்டாத சுவர். கீழே கருங்கல் பீடம், கல்லுக்கும் மரத்துக்கும் இடையில் ரப்பர். கரையான் மருந்து தரையில். தலைமையாசிரியை சம்மதித்துவிட்டார். குழுவில் இதை ஓட்டுக்கு விடப்போவதில்லை.

போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரவு எட்டரை மணிக்கு ஆசாரி போன் செய்தார். குடைக்குப் பக்கத்தில், வேட்டிக் கரையை இறக்கிக்கொண்டிருந்தபோது உளி எதிலோ மோதி முனை மழுங்கிவிட்டது. சுற்றிலும் மரம் நீலக் கறுப்பாக ஓடியிருக்கிறது. இரும்பு. கட்டைவிரல் கனத்தில் வளைந்த ஒரு கம்பி, மரம் அதன் மேல் வளர்ந்து விழுங்கியிருக்கிறது. அது என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்டவாளத் துண்டு எதில் தொங்கியது, எட்டாம் பீரியட் முடிய யார் எந்தப் பக்கம் காதை வைத்திருந்தோம் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

பிடுங்கினால் ஒரு குழி விழும், அதே மரத்தில் துண்டு வெட்டி அடைக்கலாம், ஒட்டுத் தெரியும். விட்டால் கறை நிற்கும், ஈரக் காலத்தில் இன்னும் பரவலாம். "என்ன செய்யட்டும்மா?" என்றார்.

குழுவில் போடலாமா என்று விரல் போனது. போடவில்லை. "உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள் ஐயா" என்றேன். சரி என்று வைத்துவிட்டார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் படம் அனுப்பவில்லை.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு அரும்பாவூர் போகிறோம். பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் காலை நாலரைக்கு வேன். பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். கோணிச் சாக்கும் பழைய போர்வையும் உள்ளவர்கள் கொண்டுவாருங்கள், திரும்பும்போது சார் நடுவில் படுத்துக்கொண்டு வருவார். கடைசித் தவணை பாக்கி உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் என் கணக்கில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பொருளாளர்